கரம் எட்டாத இடத்தில் ஒளி: கருப்பைச் சதை அகற்றலின் வரலாறு

ஃபிக்ஹு நூல்களைக் கற்போர் தூய்மை பற்றிய பாடத்தில் ஒரு பெண்மணியின் பெயரைத் தவறாது கேட்பர். அவர் பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள். தமக்கு உதிரம் நில்லாது போய்க்கொண்டிருப்பதாகக் கூறி, தொழுகையை விட்டுவிடலாமா என்று நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து வினவினார். அது மாதவிடாயன்று, ஒரு நாளத்திலிருந்து வரும் இரத்தம் என்றும், அதற்காகத் தொழுகையை விடலாகாது என்றும் நபியவர்கள் விளக்கினார்கள். இதை நமக்கு அறிவித்தவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள நாணத்தைத் தடையாக்கிக் கொள்ளாத அன்ஸாரிப் பெண்களை அன்னையார் மெச்சியதும் ஹதீஸ் நூல்களிற் பதிவாகியுள்ளது.

இவ்வகை உதிரப்போக்கிற்கு இஸ்திஹாளா என்று பெயர். மாதவிடாயின் மேல் எல்லை ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாள். ஹனஃபி மத்ஹபில் 10 நாள். அவ்வெல்லையைக் கடந்தது நோயின் உதிரம் என்று சட்டம் பிரித்து வைத்தது. தொழுகைக்கும் நோன்பிற்கும் உரிய விதிகளை நம் மதரஸாக்களில் நுணுக்கமாகப் போதிக்கிறோம். ஆயின், அந்த உதிரம் எதனால் வருகிறது, அதை நிறுத்த வழி யாது என்னும் வினா நம் இல்லங்களில் எளிதில் எழுவதில்லை. "வயது திரும்பும்போது இப்படித்தான்" என்று மூத்த பெண்கள் ஆறுதல் கூறுவர். இளையவர் அடங்கி விடுவர். மாதங்கள் ஆண்டுகளாகும். உடல் வெளுத்து, மூச்சு வாங்கும் நிலையில் மருத்துவரிடம் போனால், கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்ற பேச்சு முதலில் வந்து நிற்பதும் உண்டு.

உதிரப்போக்கிற்குக் காரணங்கள் பல. நார்க்கட்டி, சுரப்பு நீர்களின் மாறுபாடு, புற்று ஆகியன அவற்றுட் சில. கருப்பையின் உட்புறம் வளரும் சதையும் அவற்றுள் ஒன்று. ஸ்கேன் அறிக்கைகளில் 'பாலிப்' என்று எழுதப்படுவது இதுவே. ஹதீஸில் இன்றைய மருத்துவத்தைத் தேடிப் புகுத்துவது நம் நோக்கமன்று. இந்த ஒரு சதையை அகற்ற மனித அறிவு கடந்து வந்த பாதையையும், இன்றுள்ள முறைகளின் தராதரத்தையும் நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் என்பதே நம் கருத்து.

பெயரும் பொருளும்

பாலிப் என்பது கிரேக்கச் சொல். 'பல கால்களை உடையது' என்பது அதன் பொருள். எட்டுக்கால் கணவாயைக் குறித்த பெயர் அது. மூக்கினுள் வளரும் சதைக்கு முதலில் அப்பெயரை இட்டனர். பின்னர் குடல், கருப்பை முதலிய இடங்களில் வளர்வதற்கும் அதுவே வழங்கலாயிற்று.

கருப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் ஓரிடத்தில் மிகையாக வளர்ந்து உள்ளே தொங்கும். சில, காம்புடன் கனிபோல் ஆடும். சில, அகன்ற அடியுடன் ஒட்டியிருக்கும். அளவு சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை மாறும். பெரும்பாலானவை தீங்கற்றவை. சிறியவை சில தாமாகவே மறைவதும் உண்டு. எனினும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு மீண்டும் உதிரம் காணுமாயின் அதைப் பொருட்படுத்தாதிருத்தல் கூடாது. 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாதவிடாய் நிற்கும் முன்னர் எடுத்த சதைகளில் 100-க்கு ஏறக்குறைய 2-இலும், நின்ற பின்னர் எடுத்தவற்றில் 100-க்கு ஏறக்குறைய 5-இலும் புற்றோ அதன் முன்னிலையோ காணப்பட்டது. பெரும்பான்மையோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் சோதித்துப் பாராமல் எவரும் அலட்சியம் செய்வதற்கில்லை.

ஸஹ்ராவி கண்ட எல்லை

அந்தலுஸின் குர்துபா நகருக்கு அருகில், மதீனத்துஸ் ஸஹ்ராவிற் பிறந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. ஏறக்குறைய 936 முதல் 1013 வரை வாழ்ந்தவர். அவரியற்றிய 'அத்தஸ்ரீஃப்' 30 பகுதிகளை உடையது. இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம் பற்றியது. சுமார் 200 கருவிகளின் வடிவங்களை அதில் அவர் வரைந்து காட்டினார். 12-ஆம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் ஜெரார்டு என்பார் அதை இலத்தீனில் பெயர்த்தார். அதன் பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்க்கு அது பாட நூலாயிற்று.

மூக்கினுட் சதையைக் கொக்கியாற் பற்றி இழுத்து அறுக்கும் முறையையும், கத்தி புகாத ஆழத்தில் உள்ளதை முடிச்சுகள் இட்ட நூலைச் செலுத்தி வாளால் அறுப்பது போல் அறுக்கும் முறையையும் அவர் விளக்குகிறார். கருப்பையின் வாயைத் திறப்பதற்குத் திருகுகள் பொருத்திய கருவியையும் வரைந்துள்ளார். அரபியில் அது லவ்லப் எனப்படும். பெண்களுக்குரிய உதிரம் கசியும் சதை வளர்ச்சிகளைப் பற்றிக் கூறுமிடத்தில் அவர் ஓர் எல்லையை வகுக்கிறார். கருப்பையின் வாயில், கையால் உணரத்தக்க இடத்தில் உள்ளதற்கே ஆயுத மருத்துவம் உண்டு. உள்ளாழத்தில், தொட்டு உணர முடியாதிருப்பதற்கு ஆயுதத்தால் மருத்துவம் இல்லை என்பது அவர் முடிவு.

தம் ஆற்றலின் எல்லையை இவ்வாறு தெளிவாக எழுதி வைத்தது அப்பெரியாரின் நேர்மையைக் காட்டுகிறது. காணாத இடத்திற் கத்தியை விடுவது கொலைக்கு ஒப்பாகும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவருக்குப் பின் வந்த வரலாறு முழுவதும் இவ்வெல்லையைக் கடக்க எடுத்த முயற்சியே எனலாம்.

பிரெஞ்சுக்காரரின் கரண்டியும் விளக்கும்

இவ்விடத்தில் நம் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு நாட்டினரின் பங்கைக் கூற வேண்டும். பாரிஸ் மருத்துவர் ரெகாமியே 1840-களில் ஒரு சுரண்டு கரண்டியை அமைத்தார். நீண்ட காம்பின் நுனியில் சிறு கரண்டி போன்ற அக்கருவியைக் கருப்பையினுட் செலுத்தி உட்படலத்தைச் சுரண்டி எடுப்பர். நம் பெண்கள் 'டி அண்ட் சி' என்று சொல்லும் சிகிச்சையின் மூலக் கருவி இதுவே. ஸஹ்ராவி நின்ற எல்லைக்கு அப்பால் ஆயுதம் சென்றது உண்மை. ஆயின் கண் செல்லவில்லை. மருத்துவர் தம் விரலின் உணர்வையே நம்பி இருளிற் சுரண்டினார். காம்பில் ஆடும் சதை கரண்டிக்கு நழுவி விடும். அல்லது பாதி அறுந்து பாதி நிற்கும். சிகிச்சை முடிந்தும் உதிரம் தொடர்ந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ரெகாமியே பாரிஸிற் பணியாற்றிய அதே காலத்தில், 1823-ஆம் ஆண்டு, பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவியது. அதன் வழி வந்ததே இன்றைய ஜிப்மர். கோரிமேட்டில் புதிய கல்லூரிக்கு 1956-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1964 ஜூலை 13 முதல் ஜவஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2008-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

இனி ஒளியின் கதைக்கு வருவோம். 1806-இல் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் போஸினி, மெழுகுவர்த்தியின் ஒளியை ஒரு குழாய் வழியே உடலினுட் செலுத்தும் கருவியை வெளியிட்டார். 1853-இல் டெஸோர்மோ என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர், சாராயமும் கர்ப்பூரத் தைலமும் கலந்து எரியும் விளக்கொன்றைக் குழாயுடன் இணைத்துப் பாரிஸில் அறிமுகப்படுத்தினார். சிறுநீர்த் தாரையை நோக்கவே அது முதலிற் பயன்பட்டது. டப்ளின் நகர மருத்துவர் குரூஸ் அதன் விளக்கைச் சீர்படுத்தினார்.

1869-இல் பந்தலியோனி என்னும் இத்தாலிய மருத்துவர் அவ்வகைக் கருவியைக் கொண்டு ஒரு பெண்ணின் கருப்பையினுள் நோக்கினார். அவருக்கு வயது 60. மாதவிடாய் நின்ற பின் உதிரம் கண்டிருந்தது. உள்ளே ஒரு சதை வளர்ந்திருப்பதைக் கண்ட மருத்துவர், வெள்ளி நைட்ரேட்டைத் தடவி அதைச் சுட்டார். உயிரோடிருக்கும் ஒருவரின் கருப்பையினுள் மனிதக் கண் நோக்கிக் கண்டதாகப் பதிவான முதற் சிகிச்சை இது. முதன்முதலில் கண்ணிற் பட்டதே ஒரு பாலிப் என்பது கருதத்தக்கது.

நூறாண்டுத் தாமதம்

வழி திறந்த பின்னரும் ஏன் நூறாண்டு தாமதம்? கருப்பையின் அமைப்பே காரணம். சிறுநீர்ப்பை, நீர் நிறைந்தால் விரிந்து இடம் தரும். கருப்பையோ தடித்த தசைச் சுவர் உடையது. அதன் இரு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். தொட்டால் உதிரம் கசிந்து பார்வையை மறைக்கும். ஆகவே உள்ளே இடமுண்டாக்க ஏதேனும் ஒன்றை நிரப்ப வேண்டும். உதிரத்தைக் கழுவவும் வேண்டும். 1925-இல் ரூபின் கரியமில வாயுவைச் செலுத்திப் பார்த்தார். 1928-இல் காவுஸ் தண்ணீரைப் பயன்படுத்தினார். 1970-இல் சுவீடன் மருத்துவர் இருவர் டெக்ஸ்ட்ரான் என்னும் கெட்டியான திரவத்தை நிரப்பித் தெளிவாகக் கண்டனர். இதற்கிடையில் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளைக் கோத்து அமைத்த வில்லை, மெல்லிய குழாயிலும் பிரகாசமான காட்சியைத் தந்தது. பாரிஸில் ஹமூ என்பார் 1980-ஐ ஒட்டி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கருவியை உருவாக்கினார்.

1997-இல் இத்தாலியின் பெத்தோக்கி, விரிகருவி வைக்காமலும் கருப்பையின் வாயைக் கவ்வாமலும், நீரின் அழுத்தத்தால் வழி திறந்து உட்செல்லும் முறையை வெளியிட்டார். உடல் வெளிப்படுவதும் வலியும் இதனாற் குறைந்தன. நாணம் மிக்க நம் பெண்களுக்கு இச்செய்தி முக்கியமானது. இம்முறைகளுக்கெல்லாம் ஹிஸ்டரோஸ்கோபி என்று பெயர். வயிற்றில் வெட்டோ தையலோ இதற்கு இல்லை.

இன்றைய முறைகளை ஒப்பிடின்

இன்று நான்கு வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, பழைய சுரண்டல் முறை. கருவிச் செலவு குறைவு, எங்கும் செய்யலாம். ஆனால் காணாமற் செய்வது. சதையை அகற்றுவதற்கு இதனை மட்டும் நம்புதல் தகாது என்பதே இன்றைய மருத்துவரின் பொதுக் கருத்து.

இரண்டாவது, உள்நோக்கியின் வழியே மெல்லிய கத்தரியையும் இடுக்கியையும் செலுத்திக் காம்பை வெட்டி எடுத்தல். மின்சாரம் தேவையில்லை; உட்படலம் சுடப்படுவதில்லை. சிறிய, காம்புள்ள சதைக்கு மிகப் பொருந்தும். சதை பெரிதாயின், வெட்டிய பின் குறுகிய வழியே அதை வெளிக்கொணர்வது கடினம்.

மூன்றாவது, மின்கம்பி வளையத்தாற் சீவி எடுத்தல். ஆண்களின் புராஸ்டேட் சிகிச்சையில் வழங்கிய கருவியை 1976-இல் நியூயார்க்கின் நியூவிர்த், அமீன் ஆகியோர் கருப்பையின் நார்க்கட்டிக்குப் பயன்படுத்தினர். அகன்ற அடியுள்ள சதைக்கும் இது ஏற்றது. அறுக்கும்போதே உதிரத்தையும் அடைக்கலாம். குறைகளும் உண்டு. ஒரு முனை மின்சாரத்திற்கு உப்பு நீர் ஆகாது. கிளைசின் போன்ற உப்பற்ற திரவத்தையே நிரப்ப வேண்டும். அது இரத்தத்தில் மிகுதியாகக் கலப்பின் உப்புச் சத்துக் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே 1 லிட்டர் அளவு உடலிற் சேர்ந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. 1990-களில் வந்த இருமுனை மின்கருவிகள் சாதாரண உப்பு நீரிலேயே இயங்குவதால் இவ்வாபத்துக் குறைந்தது. எனினும் அதற்கும் இரண்டரை லிட்டர் என்ற வரம்பு உண்டு.

நான்காவது, சுழலும் சிறு கத்தி சதையை அரிய, அரிந்ததை அக்குழாயே உறிஞ்சி எடுத்துவிடும் முறை. நெதர்லாந்து மருத்துவர் இமானுவேல் முயன்று அமைத்த இது, 2005 முதல் பரவியது. துணுக்குகள் பார்வையை மறைப்பதில்லை. எடுத்தது முழுவதும் சோதனைக்குக் கிடைக்கும். 2014-இல் வெளியான ஆய்வொன்றில், மயக்கம் கொடாமல் சிகிச்சை பெற்ற 121 பெண்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டனர். மின்கருவிக்குச் சுமார் 10 நிமிடம் ஆயிற்று. இதற்குச் சுமார் ஐந்தரை நிமிடம். சதை முழுமையாக நீங்கியது மின்கருவியால் 100-க்கு 83 பேருக்கு; இதனால் 98 பேருக்கு. வலியும் இதிற் குறைவு. ஆயின் கருவியின் விலை மிகுதி. ஒரு முறைக்கு மேல் பயன்படாத பகுதிகளும் உண்டு. அச்செலவு நோயாளியின் தலையிலேயே விழும்.

எங்கே செய்வது என்பதும் ஒரு வினா. ஐக்கிய இராச்சியத்தின் 31 மருத்துவமனைகளில் 507 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. மயக்க மருந்தின்றிப் புறநோயாளியாகச் சிகிச்சை பெற்றவருள் 100-க்கு 73 பேரும், மருத்துவமனையிற் சேர்ந்து மயக்கத்தில் சிகிச்சை பெற்றவருள் 80 பேரும் ஆறு மாதத்திற்குப் பின் குணம் கூறினர். புறநோயாளியருள் 100-க்கு 19 பேருக்குச் சதையை அகற்ற இயலாது போயிற்று; மற்றவருள் அது 7. ஆனால் கருப்பையிற் துளை விழுந்த நான்கு விபத்துகளும் மயக்கத்தில் செய்த பிரிவிலேயே நேர்ந்தன. எளிய வழியில் செலவும் ஆபத்தும் குறைவு. வலி தாங்க இயலாமல் இடையில் நிறுத்த நேரலாம். பெரிய ஏற்பாட்டில் முழுமை மிகுதி. அதற்குரிய இடரும் உண்டு.

ஆகவே எல்லாருக்கும் சிறந்தது இதுவென ஒன்றைச் சுட்டுவதற்கில்லை. சதையின் அளவு, அடியின் அகலம், பெண்ணின் வயது, மருத்துவரின் பயிற்சி, குடும்பத்தின் கையிருப்பு ஆகிய ஐந்தையும் நோக்கியே முடிவு செய்ய வேண்டும். எனினும் கண்ணாற் கண்டு அகற்றும் மூன்று முறைகளும், காணாமற் சுரண்டும் முறையை விட மேலானவை என்பதில் ஐயமில்லை.

காக்கத்தக்க உறுப்பு

இவ்வளவும் ஏன் எழுதினோம்? நம் நாட்டில் 2015–16-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 3 பேருக்கு மேல் கருப்பையை இழந்திருந்தனர். வேண்டாத இடத்தில் கருப்பையை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது. புற்று இருப்பின் கருப்பையை எடுத்தே தீர வேண்டியிருக்கலாம்; அதை மறுப்பது அறிவீனம். ஆனால் தீங்கற்ற ஒரு சதைக்காக முழு உறுப்பையும் இழப்பது, கதவின் தாழ்ப்பாள் பழுதென்று வீட்டை இடிப்பதை ஒக்கும். குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண்ணுக்கோ இது இன்னும் முக்கியம். 2005-இல் ஸ்பெயினில் வெளியான ஆய்வில், கருத்தரிப்புச் சிகிச்சைக்கு முன் சதையை அகற்றிக்கொண்டவருள் 100-க்கு 63 பேரும், அகற்றாதவருள் 28 பேரும் கருவுற்றனர்.

ஆதலால் 'சதை' என்ற அறிக்கை கையில் வந்தால் சில வினாக்களைக் கேட்கத் தயங்கலாகாது. அதன் அளவு என்ன? கண்ணாற் பார்த்து எடுப்பீர்களா, சுரண்டி எடுப்பீர்களா? எந்தக் கருவி? மயக்கம் தேவையா? எடுத்த சதை சோதனைக்கு அனுப்பப்படுமா? முடிவு எப்போது வரும்? இவ்வினாக்களை மனைவி கேட்கக் கூசினால் கணவர் கேட்கட்டும். தாய் கூசினால் மகள் கேட்கட்டும்.

நாணம் ஈமானின் கிளை என்பது உண்மை. ஸஹ்ராவியும் அதை உணர்ந்தவரே. பெண்களின் சிறுநீர்ப்பைக் கல்லுக்கு அறுவை செய்யும் முறையை விளக்குமிடத்தில், தேர்ந்த பெண் மருத்துவரை நாடுமாறும், அத்தகையோர் அரியர் ஆதலின், கிட்டாவிடில் கற்புநெறி மிக்க மருத்துவரும் அனுபவமுள்ள மருத்துவச்சியும் சேர்ந்து செய்யுமாறும் அவர் வழி கூறினார். குர்துபாவில் அரியராயிருந்த பெண் மருத்துவர் இன்று நம் ஊரில் அரியரல்லர். கோரிமேட்டு ஜிப்மரிலும், எல்லைப்பிள்ளைச்சாவடியின் அரசு மகளிர் மருத்துவமனையிலும், நகரின் பிற மருத்துவமனைகளிலும் பெண் மருத்துவர் பலர் உளர். முல்லா வீதியிலிருந்து அவ்விடங்கள் தொலைவிலும் இல்லை.

மார்க்கச் சட்டத்தை அறிய பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் இவ்வுதிரம் பற்றி நபியவர்களிடமே கேட்டார்கள். நோயைப் பற்றி ஒரு பெண் மருத்துவரிடம் கேட்பது அதனினும் எளிது. நம் பெண்மக்கள் உரிய காலத்திற் கேட்கவும், நாம் துணை நிற்கவும், வல்ல அல்லாஹ் அருள்வானாக.